அடியில் விட்ட இடம்

ஆடிப் பதினெட்டு வந்தால் சிவகாசியில் அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். ஏஜெண்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்புவார்கள். மளிகைக் கடைக்காரரும் உரக்கடைக்காரரும் பக்கம் பக்கமாகப் புரட்டி முருகனையோ லட்சுமியையோ தேர்ந்தெடுப்பார்கள். ஒரே லட்சுமி திருச்சியில் ஒரு பாத்திரக் கடைக்கும் தென்காசியில் ஒரு நகைக்கடைக்கும் போவாள். படத்துக்கு அடியில் ஒரு சாண் இடத்தை வெறுமனே விட்டிருப்பார்கள். கடை பெயரும் விலாசமும் அங்கேதான் ஏறும். படம் எல்லாருக்கும் பொது, அந்த ஒரு சாண் மட்டும் அவரவருக்குச் சொந்தம்.

அந்தப் படங்களில் பல எங்கள் ஊரில் பிறந்தவை. நாடகக் குழுவுக்குத் திரை எழுத வந்த கொண்டையராஜு கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். அவரும் சுப்பையா, ராமலிங்கம் முதலான அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள்தாம் சிவகாசி அச்சில் ஏறித் தமிழ்நாட்டுச் சுவர்களையெல்லாம் நிறைத்தன. அவர் 1976இல் இறந்துபோனார். அதற்குப் பிறகும் அவர் படங்கள் அச்சேறிக்கொண்டுதான் இருந்தன. வருஷாவருஷம் அடியில் இருக்கிற பெயர் மாறும், மேலே இருக்கிற சாமி அப்படியே இருப்பார். விளம்பரச் சரக்கை ஒருதரம் செய்து பலதரம் எடுத்துப் பயன்படுத்துவது எப்படி என்று இன்று ஆளுக்காள் வகுப்பெடுக்கிறார்கள். காலண்டர்காரர்களைவிட அதை ஒழுங்காகச் செய்தவர்கள் யாரும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நான் பிளஸ் டூ முடித்துவிட்டு 1991இல் ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு டிரெடில் மிஷின், சுவரோரமாக எழுத்துக் கேஸ்கள், கம்போஸிங்குக்கு இரண்டு பேர், ஓட்டுவதற்கு ஒருவர். பில் புக், பிட் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கார்த்திகை மார்கழியில் காலண்டர் சீட்டு. முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்போம். பேச்சு குறைவு. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத்தான் எழுத்தைப் பார்ப்பார்.

அவரிடம் ஒரு மர பீரோ இருந்தது. ஊரில் உள்ள கடைகளின் பிளாக்குகள் முழுக்க அதில்தான் இருக்கும். துத்தநாகத் தகட்டில் படமும் பெயரும் அரித்தெடுத்து மரக்கட்டையில் அடித்த பிளாக்குகள். மதுரையிலிருந்து செய்து வரும், காசும் கூடுதல். பிளாக்கில் எல்லாம் இடம்வலம் மாறிக் கண்ணாடியில் தெரிவதுபோல இருக்கும் என்பதால் கையில் எடுத்துப் பார்த்தால் சட்டென்று பிடிபடாது. அதற்கு அண்ணாச்சி ஒரு வழி வைத்திருந்தார். புதுப் பிளாக் வந்தவுடன் அதை வைத்தே ஒரு புரூஃப் அடிப்பார். அந்தத் தாளாலேயே பிளாக்கைச் சுற்றி, எழுத்து வெளியே தெரிகிறமாதிரி மடித்து நூல் போட்டுக் கட்டுவார். ஓரத்தில் பென்சிலால் மாசம், வருஷம், எந்த வேலைக்கு வந்தது என்று எழுதுவார். பீரோவைத் திறந்தால் எந்தக் கட்டையையும் பிரிக்காமலே எது எதுவென்று தெரிந்துவிடும். ஜவுளிக்கடைக்காரர் மூன்று வருஷம் கழித்து வந்து, அதே மயில் படம் போடணும் என்று கேட்டால், அவர் பெஞ்சில் உட்காருவதற்குள் மயில் மேஜைக்கு வந்துவிடும்.

இன்னொரு கறார் அவருக்கு உண்டு. பிளாக்கில் டெலிபோன் நம்பரோ விலையோ வைக்க விடமாட்டார். படம், கடை பெயர், அவ்வளவுதான். நம்பரையும் விலாசத்தையும் ஈய எழுத்தில் கோத்துத் தனியாகக் கீழே வைப்பார். சேர்த்தே செய்துவிட்டால் கம்போஸிங் கூலி மிச்சம்தானே என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். “கடைய மாத்துனா பிளாக்க என்ன செய்வீரு, அடுப்புல வைப்பீரா?” என்பார். அந்த வயதில் எனக்கு அது கிழட்டுப் பிடிவாதமாகத்தான் பட்டது.

தொண்ணூறுகளின் கடைசியில் அச்சகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. பேஜ்மேக்கர், கோரல் டிரா. எழுத்துக் கேஸ்களை எடைக்குப் போட்டோம். முன்னெல்லாம் ஈயம் பற்றாக்குறை. முகூர்த்த மாசத்தில் ‘ந’ எழுத்துத் தீர்ந்துபோய் ஒரு பத்திரிகையைப் பிரித்துத்தான் அடுத்த பத்திரிகையைக் கோக்க வேண்டியிருக்கும், அதனால் எதையும் கோத்தபடியே வைத்திருக்க முடியாது. கம்ப்யூட்டரில் அந்தக் கஷ்டம் இல்லை, எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொண்டோம், தேடி எடுக்கத்தான் முடியவில்லை. ‘நியூ’, ‘நியூ 1’, ‘கடைசி’, ‘கடைசி கரெக்ஷன்’ என்ற பெயர்களில் ஃபிளாப்பி ஃபிளாப்பியாகச் சேர்ந்தது. யாருடைய நோட்டீஸ் எதில் இருக்கிறது என்று தேடுவதைவிட மறுபடி டைப் அடிப்பது சுருக்கமாக முடிந்தது. பிளாக் பீரோவின் ஒழுங்கு ஏன் கம்ப்யூட்டருக்குள் வரவில்லை என்று பிற்பாடு யோசித்திருக்கிறேன். பிளாக்குக்குக் காசு கொடுத்தோம், இடமும் கொடுத்தோம், அதனால் பத்திரப்படுத்தினோம். ஃபைலுக்கு இரண்டும் தேவைப்படவில்லை.

பிறகு பிளெக்ஸ் வந்தது. ஃபான்ட் மாறிவிடக் கூடாது என்பதற்காக பிளெக்ஸ் அடிக்கிறவர்கள் எழுத்தையெல்லாம் ‘கர்வ்ஸ்’ ஆக மாற்றிக் கொடுக்கச் சொல்வார்கள். மாற்றியபின் அது எழுத்து இல்லை, வெறும் கோட்டுச் சித்திரம். ஒரு சொல்லைத் திருத்த வேண்டும் என்றாலும் அழித்து வரைய வேண்டியதுதான். கடைக்காரர் கையில் பென் டிரைவில் இருப்பது பெரும்பாலும் அந்த ஃபைல்தான். அடுத்த தீபாவளிக்கு, ‘வருஷத்தை மட்டும் மாத்திக் குடுங்க’ என்று வந்து நிற்பார். மாற்ற முடியாது, புதுசாகத்தான் செய்ய வேண்டும் என்றால் நாம் காசு பிடுங்கப் பார்ப்பதாக அவருக்குச் சந்தேகம் வரும்.

எங்கள் அக்கா வீட்டுக்காரருக்குக் கடலைமிட்டாய்க் கடை. அவருடைய அப்பா ஆரம்பித்தது. முன்னால் விற்பனை, பின்கட்டில் அடுப்பு. கரிசல் காட்டு மானாவாரிக் கடலை, தேனிப் பக்கத்து வெல்லம். கடலையை வறுத்துத் தோல் போக்கி உடைத்து வைத்திருப்பார்கள். பாகை ஒரு சொட்டுத் தண்ணீரில் விட்டு விரலால் ஒடித்துப் பார்த்துவிட்டு, ‘டக்’கென்று ஒடிகிற பதத்தில் கடலையைக் கொட்டிக் கிளறுவார்கள். பலகையில் கொட்டி உருளையால் தேய்த்து, சூடு ஆறுவதற்குள் கோடு போட்டு வெட்டிவிட வேண்டும். கொஞ்சம் அசந்தால் துண்டு நேராக வராது, நொறுங்கும். அத்தானுக்கு இந்த வேலையில் கை தவறியதே இல்லை. விளம்பரம் என்றால் மட்டும் ஒவ்வொரு தடவையும் முதல்தடவை.

2020 ஏப்ரல் கடைசியில் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர் ஊரடங்கில் கிடந்தது. பேப்பரிலும் டிவியிலும் செய்தி வர, எங்கெங்கோ இருந்து போன் வரத் தொடங்கியது. பெங்களூரில் இருக்கிறவர்கள், பம்பாயில் இருக்கிறவர்கள், பஸ் ஸ்டாண்டில் வாங்கித் தின்ற ஞாபகத்தை வைத்துக்கொண்டு கேட்கிறவர்கள். கடையில் கூட்டம் இல்லை, போனில் கூட்டம். அத்தான் ஒற்றை விரலால் வாட்ஸாப்பில் பதில் அடித்துக்கொண்டிருப்பார். எல்லாரும் கேட்டது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். எத்தனை நாள் இருக்கும், கூரியரில் உடையுமா, வெல்லமா சீனியா, பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா, கிலோ என்ன விலை. காலையில் ஒருவருக்கு எழுதியதையே மத்தியானம் இன்னொருவருக்கு வேறு வார்த்தையில் எழுதுவார், சாயங்காலம் விலையே வேறாக எழுதிவிடுவார். அச்சகத்தை மூடி வீட்டில் உட்கார்ந்திருந்த என்னை அக்காதான் கூப்பிட்டாள். “தம்பி, நீ வந்து இந்த மனுசனுக்கு ஒரு வழி பண்ணிக் குடு. ராத்திரி பூரா கண்ணு எரியுதுங்காரு.”

முதலில் பரணில் ஏறினேன். கடையின் விளம்பரச் சரித்திரம் மொத்தமும் அங்கே கிடந்தது. பிட் நோட்டீஸ் கட்டுகள், லேபிள், மஞ்சப்பைக்கு எழுத்து அடிக்கிற ஸ்கிரீன் சட்டம், தியேட்டரில் இடைவேளைக்குப் போடுகிற கண்ணாடி ஸ்லைடு ஒன்று, ஆட்டோவில் போட்டு ஓட்டிய கேசட்டுகள், சுருட்டிவைத்த பிளெக்ஸ்கள். இத்தனையிலும் தேதி போட்டது ஒன்றுகூட இல்லை. ஆனாலும் ஒரு நோட்டீஸின் வயதைக் கீழ்வரியை வைத்தே சொல்லிவிடலாம். டெலிபோன் நம்பர் ஐந்து இலக்கம் என்றால், முன்னால் 2 சேர்ப்பதற்கு முந்தியது. டின் நம்பர் இருந்தால் 2007இல் வாட் வந்தபிறகு. பதினான்கு இலக்க உணவுப் பாதுகாப்பு உரிமம் இருந்தால் 2011க்குப் பிறகு. ஜிஎஸ்டி என்றால் 2017 ஜூலைக்குப் பிறகு. ஒவ்வொரு நம்பர் மாறும்போதும் நல்ல நோட்டீஸ் ஒன்று செத்திருக்கிறது. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் தடை வந்தபோது பெயர் அச்சிட்ட கேரி பை ஒரு மூட்டை அப்படியே நின்றுபோனதை அத்தான் இன்னும் சொல்லிக் காட்டுவார்.

கடை பெயர் பெரிதாக, வாசகம் நன்றாக, எல்லாம் சரியாகத்தான் இருந்தன. மாறாத விஷயத்தையும் மாறுகிற விஷயத்தையும் ஒரே தாளில் பிரிக்க முடியாதபடி ஒட்டிவிட்டதுதான் கோளாறு. நெற்றிக் கண்ணாடி அண்ணாச்சி பிளாக்கில் நம்பர் வைக்க விடாததன் அர்த்தம் எனக்கு அந்தப் பரணில் உட்கார்ந்திருந்தபோதுதான் முழுசாக விளங்கியது.

எப்படி அடுக்குவது என்பதில் அத்தானுக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. அவர் கணக்கு பண்டிகைக் கணக்கு. தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று, செண்பகவல்லியம்மன் கோயில் திருவிழாவுக்கு ஒன்று. எனக்கு அச்சகப் பழக்கம், நோட்டீஸ் தனி, பிளெக்ஸ் தனி, லேபிள் தனி. இரண்டுமே உதவாது என்று அக்கா போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “கேக்குறவங்க தீபாவளியவா கேக்காங்க? ஒடஞ்சிருமான்னுல்லா கேக்காங்க.” அவள் சொன்னபடியே கேள்வி வாரியாகப் பிரித்தோம். வாட்ஸாப்பில் வந்த பழைய உரையாடல்களை மேலிருந்து கீழே படித்து, கேட்ட கேள்வியைக் கேட்ட வார்த்தையிலேயே ஒரு ஷீட்டில் எழுதினேன். “நமத்துப் போகுமா” என்று கேட்டிருந்தால் “ஈரப்பதம்” என்று மாற்றவில்லை. பதில்களில் பெரும்பாலும் அக்கா எழுதியதுதான் நன்றாக இருந்தது. அத்தான் பத்து வரியில் சொல்வதை அவள், “டப்பாவ இறுக்க மூடி வைங்க, காத்து பட்டாத்தான் நமக்கும்” என்று முடித்துவிடுவாள்.

படம் எடுக்கும்போதும் அண்ணாச்சியின் அந்தப் பழைய விதிதான். படத்தின் மேல் எழுத்து கிடையாது, விலை கூடவே கூடாது. தட்டு, துண்டு, கை, அடுப்பு, வெறும் படமாக எடுத்து வைப்பது. எழுத்தைத் தேவைப்படும்போது மேலே ஏற்றிக்கொள்ளலாம். வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், அச்சுக்கு எடுத்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதனால் எந்தப் படத்தையும் டாக்குமெண்டாகத்தான் அனுப்ப வேண்டும் என்று கடைப் பையன்கள் வரை சொல்லிவைத்தேன். ஃபைல் பெயரில் வருஷம் முன்னால், மாசம் அடுத்து, பிறகு என்ன என்பது. ‘2021-10-பாகு-பதம்’ என்று வைத்தால் தானாக வரிசைக்கு வந்துவிடும். ‘கடைசி’ என்று யாரும் எதற்கும் பெயர் வைக்கக் கூடாது என்பதைக் கொஞ்சம் கோபமாகவே சொன்னேன்.

பழைய நோட்டீஸில் இருந்த நல்ல வாசகங்களைத் திரும்ப எடுப்பது பெரும்பாடாகிவிட்டது. அத்தானின் அப்பா எழுதிய சில வரிகள் அருமையானவை. தொண்ணூறுகளின் கடைசியில் நானே டைப் அடித்த ஃபைல்கள்கூட சிடியில் கிடைத்தன. திறந்தால் தமிழ் இல்லை, தலையும் காலும் புரியாத அந்நிய எழுத்துகள். அன்றைக்கு ஒரே எழுத்துக்கு ஒவ்வொரு கம்பெனி ஃபான்டும் வேறு வேறு எண்ணை வைத்திருந்தது. ஒருவர் ஃபான்டில் அடித்தது இன்னொருவரிடம் ஓடாது. அரசு 1999இல் டாப், டாம் என்று எழுத்துக் குறியீட்டுத் தரம் வகுத்தது, 2010இல் யூனிகோடுக்கு வந்தது. ஊர் அச்சகங்கள் இது எதையும் கண்டுகொள்ளாமல் கையில் இருந்ததிலேயே ஓட்டின. பழைய ஃபான்டை யூனிகோடாக மாற்றுகிற என்எச்எம் கன்வெர்ட்டரில் போட்டுப் பாதியை மீட்டேன். மீதி ஃபான்டுகளை அதற்கும் அடையாளம் தெரியவில்லை. அக்கா அச்சடித்த நோட்டீஸை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, போனின் மைக்கை அழுத்தி வரி வரியாக வாசித்தாள். அது கேட்டு அடித்தது. “கமகமக்கும்” என்று அவள் சொன்னதை அது என்னென்னமோ எழுதியது. அவள் அதைத் திட்டியதையும் விடாமல் எழுதிக்கொண்டது.

அந்தப் பழைய நோட்டீஸ்களால் ஒரு சண்டையும் நடந்தது. எல்லா நோட்டீஸிலும் ஒரு வரி விடாமல் வந்துகொண்டிருந்தது.

“அத்தான், இந்த வரிய எடுத்துரணும்.”

“எது?”

“ரத்த விருத்தி, நரம்புக்குப் பலம்னு இருக்குல்லா.”

“அது எங்கப்பா எழுதுனது மாப்ள. உள்ளதத்தான எழுதியிருக்காரு.”

“இருக்கட்டும். ஆதாரம் இல்லாம அது தீரும் இது தேறும்னு திங்கிற பொருளுக்கு விளம்பரம் போடக் கூடாதுன்னு 2018ல விதி வந்துருக்கு. நோட்டீஸுல இருந்தா ஊரோட போயிரும். வாட்ஸாப்ல இருந்தா எவன் வேணும்னாலும் எடுத்து அனுப்புவான்.”

“அப்ப கடலையில சத்து இல்லன்னு எழுதுவமா?”

அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். “தம்பி, சாப்பிட்டு முடிச்சதும் ஒரு துண்டுன்னு எழுது. அது போதும்.”

அத்தான் ஒருவாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் இன்றுவரை கடையில் அதிகம் ஓடிய வரி அக்கா சொன்ன அதுதான்.

புவிசார் குறியீடு விஷயத்திலும் இதே ஜாக்கிரதை வேண்டியிருந்தது. குறியீடு உற்பத்தியாளர் சங்கத்தின் பெயரில் பதிவாகியிருக்கிறது. அதை அட்டையில் போட வேண்டுமானால் ஒவ்வொரு கடையும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியாகப் பதிந்துகொள்ள வேண்டும். அந்தப் பதிவுக்கும் பத்து வருஷம் கெடு. ஊரில் பலபேர் செய்தி வந்த மறுநாளே பிளெக்ஸ் கட்டிவிட்டார்கள். நான் ஷீட்டில் அந்த வாசகத்தை எழுதி, பக்கத்துக் கட்டத்தில் ‘பதிவு வந்தபிறகு மட்டும்’ என்று குறித்துவைத்தேன். அத்தானுக்குப் பொறுக்கவில்லைதான். பொறுத்தார்.

ஷீட்டில் கடைசியாகச் சேர்ந்த கட்டம் அத்தானுடைய யோசனை. ஒருநாள் பாக்கெட்டுகளுக்குத் தேதி முத்திரை குத்திக்கொண்டே, “மிட்டாய்க்குத் தேதி போடுதோம், இந்த எழுத்துக்கும் போடு மாப்ள” என்றார். அதிலிருந்து ஒவ்வொரு பதிலுக்கும் எதிரே எந்த மாசத்தில் திரும்பப் பார்க்க வேண்டும் என்று ஒரு தேதி. கூரியர் கட்டணம், விலை எல்லாம் மூன்று மாசம். ‘மழைக்காலத்தில் அனுப்பலாமா’ என்பதை ஐப்பசிக்கு முன்னால் பார்த்தால் போதும். கடை எங்கே இருக்கிறது என்பதற்கு மட்டும் தேதி இல்லை. விலையை ஒரே ஓர் இடத்தில் எழுதி, மற்ற எல்லாப் பதிலும் அங்கிருந்து எடுத்துக்கொள்கிற மாதிரி செய்தேன். வெல்லம் ஏறினால் ஒரு கட்டத்தை மாற்றினால் போதும்.

வாட்ஸாப் பிசினஸில் சாய்வுக் கோடு போட்டு ஒரு சொல் அடித்தால் முழுப் பதிலும் வந்து நிற்கிற வசதி உண்டு. ஐம்பது வரை வைக்கலாம், எங்களுக்கு அதில் பாதிகூட வேண்டியிருக்கவில்லை. பெயர்களை அத்தானே வைத்தார். ‘/ஒடையுமா’, ‘/சீனியா’, ‘/நமக்குமா’. ஒற்றை விரல் மனிதருக்கு அது பெரிய விடுதலை. கொஞ்ச நாளில் சென்னையில் இருக்கிற பழைய வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்தார். வருஷக்கணக்காகக் கடையில் நின்று பேசி வாங்கிப் போனவர். “என்ன அண்ணாச்சி, கடைய யாருக்கும் குடுத்துட்டீகளா? வேற ஆளு பேசுதமாதிரி இருக்கு” என்றார். அத்தானுக்குச் சுருக்கென்றது. அவர் மகனுக்குக் கல்யாணம் என்று முதல்வரியில் எழுதியிருந்திருக்கிறார், இவர் ‘/ஒடையுமா’ என்று ஒரு தட்டுத் தட்டி அனுப்பியிருக்கிறார்.

எழுதிவைத்த பதில்களைத் தூக்கிப்போட்டுவிடலாம் என்று அன்றைக்கு அத்தான் சொன்னார். நான் காலண்டரைக் காட்டினேன். அடியில் இடம் விட்டிருப்பதால்தான் ஒரே படம் ஊர் முழுக்க ஓடியும் அவரவர் கடைக் காலண்டராக இருக்கிறது. நம்முடைய பதில்களுக்கு மேலே இடம் விடுவோம் என்றேன். எல்லாப் பதில்களின் தலையிலும் இருந்த ‘வணக்கம், தங்கள் மேலான ஆதரவுக்கு நன்றி’ என்பதை எடுத்தேன். முதல்வரியைக் கையால்தான் அடிக்க வேண்டும், ஒற்றை விரலானாலும். கல்யாணம் என்று எழுதியவருக்குக் கல்யாணத்தை விசாரித்துவிட்டுத்தான் கூரியருக்கு வர வேண்டும். அத்தான் அடிப்பது ஒரு வரிதான், சிலசமயம் எழுத்துப் பிழையோடு. அந்தப் பிழையைப் பார்த்துத்தான் எதிரே இருக்கிறவருக்கு இது கடைக்காரர்தான் என்று நம்பிக்கை வருகிறது என்பது அக்காவின் கட்சி.

எல்லாருக்கும் ஒரே சமயத்தில் செய்தி அனுப்புகிற பட்டியலில் வேறொரு சிக்கல். 256 பேரைச் சேர்க்கலாம், ஆனால் நம் நம்பரைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். அனுப்பியாயிற்று என்று நாம் உட்கார்ந்திருப்போம், பாதிப் பேருக்குப் போயிருக்காது. அதனால் பார்சலுக்குள் ஒரு சின்னச் சீட்டு வைத்தோம். அச்சடித்தது நான்தான், பழைய பிட் நோட்டீஸ் கலர்த் தாளில். எங்கள் நம்பரைப் போனில் பதிந்து வையுங்கள், புதுக் கடலை வரும்போது சொல்கிறோம் என்று இரண்டே வரி. விலை கிடையாது, பண்டிகை கிடையாது. அந்தச் சீட்டு இன்னும் அதே வாசகத்தோடு ஓடுகிறது.

இப்போது எல்லாம் அக்கா மகள் கையில். காலேஜ் முடித்துவிட்டுக் கடைக்கு வந்திருக்கிறாள். என்னுடைய ஷீட்டை ஒருநாள் பார்த்துவிட்டு, “மாமா, இதுல பாதி யாரும் கேக்கவே இல்ல” என்று நிறைய வரிகளை அழித்துவிட்டாள். பரண் சாமான்களைப் போட்டோ எடுத்து டிரைவில் ஏற்றினாள். கேசட்டில் இருந்த ஆட்டோ விளம்பரத்தைப் பென் டிரைவுக்கு மாற்றி, பழைய குரலை அப்படியே வைத்துக்கொண்டாள். அடுப்படியில் போனை நிமிர்த்தி வைத்து, பலகையில் உருளை ஓடுவதையும் கத்தி கோடு கிழிப்பதையும் கொஞ்ச நேரம் எடுத்தாள். பேச்சு இல்லை, எழுத்து இல்லை, ‘சரக் சரக்’ என்று வெட்டுகிற சத்தம் மட்டும். ஆடிக்கு அந்தப் பழைய குரலைப் பின்னால் போட்டாள். தீபாவளிக்கு மேலே ஒரு வரி போட்டாள். பொங்கலுக்கு வெறும் சத்தத்தோடு விட்டாள்.

“ஒரே வீடியோவ எத்தன தடவ போடுவ? ஊர்ல சிரிக்க மாட்டாங்க?” என்று அத்தான் சத்தம் போட்டார்.

“ஒவ்வொரு தடவையும் பாக்குறது வேற ஆளுப்பா. நீங்க டெய்லி வெட்டுறீங்க, யாராவது சிரிச்சாங்களா?”

அத்தான் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

போன மாசம் வெல்லம் விலை ஏறியது. அவள் கட்டத்தில் ஓர் எண்ணை மாற்றினாள், வாட்ஸாப் விலைப் பட்டியலையும் திருத்தினாள், பத்து நிமிஷ வேலை. கடை வாசலில் இருக்கிற பெயிண்ட் போர்டில் மட்டும் இணைப்பைத் துண்டித்து இரண்டு வருஷமாகிற டெலிபோன் நம்பர் இன்னும் இருக்கிறது, பெயருக்கு நேர் நடுவில், பெயரைவிடக் கொஞ்சம்தான் சின்ன எழுத்தில். அதை அழித்தால் பெயரும் சேர்ந்து அழியும் என்கிறார் பெயிண்டர். முழு போர்டையும் திரும்ப எழுத என்ன கேட்பார் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.